கோப்புகள் காரணமில்லாமல் கெடுகின்றனவா? ரேம்தானா என்று கண்டுபிடிக்கும் வழி

நேற்று திறந்த ஜிப் கோப்பு இன்று திறக்க மறுக்கிறது. கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் திறக்கிறது. இப்படி நடந்தால் பெரும்பாலானவர்கள் முதலில் ஹார்ட்டிஸ்க் மீதுதான் பழி போடுவார்கள். நானும் போட்டேன். டிஸ்க்கை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், இயங்குதளத்தை இரண்டு முறை அழித்துப் புதிதாக நிறுவினேன். மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது: எட்டு ஜிபி ரேம் ஸ்டிக் ஒன்றில் ஒரே ஒரு பிட், அதாவது 0 அல்லது 1 வைக்கும் ஒரே ஓர் இடம், கெட்டிருந்தது.

அந்த மூன்று வாரம் உங்களுக்கும் போக வேண்டாம் என்றுதான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் ஒன்றை மட்டும் முதலில் படித்துவிடுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

டிஸ்க் கெட்டால் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் கெடும். ஒவ்வொரு செக்டாரோடும் பிழைதிருத்தும் குறியீடு ஒன்று சேர்த்தே எழுதப்படுகிறது. படிக்கும்போது அது பொருந்தாமல், திருத்தவும் முடியாமல் போனால், டிஸ்க் தவறான தரவைக் கொடுக்காது. படிக்க முடியவில்லை என்று கையை விரித்துவிடும். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் வழியே போகும் தரவுக்கும் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் உண்டு. இந்தப் பாதையில் கணக்குக் கேட்க ஆளில்லாத இடம் சாதாரண ரேம்தான். 0 என்று வைத்தது 1 என்று திரும்பி வந்தாலும் ப்ராசசர் அப்படியே நம்பிவிடும். ஆகவே எந்தப் பிழைச்செய்தியும் வராமல் கோப்பின் உள்ளே இருப்பது மாறியிருந்தால், சந்தேகப் பட்டியலில் ரேம் மேலே ஏற வேண்டும்.

எதையும் தொடுவதற்கு முன்

தானியங்கி பேக்கப்பை நிறுத்துங்கள். தலைகீழாகத் தோன்றும், ஆனால் காரணம் இருக்கிறது. கெட்ட ரேம் உள்ள கணினி, நல்ல பழைய பிரதியின் மேல் கெட்ட புதிய பிரதியைச் சந்தோஷமாக எழுதிவிடும். ஏற்கெனவே இருக்கும் பேக்கப் டிஸ்க்கைக் கழற்றித் தனியே வையுங்கள்.

அடுத்து, டிஸ்க்கைப் பழுதுபார்க்கும் எந்தக் கட்டளையையும் இப்போது ஓட்டாதீர்கள். விண்டோஸின் செக்டிஸ்க், லினக்ஸின் எஃப்எஸ்சிகே இரண்டுமே கோப்பு முறைமையின் அட்டவணைகளை ரேமுக்குக் கொண்டுவந்து, சரிபார்த்து, திருத்தி, திரும்ப எழுதுபவை. நடுவில் ரேம் பொய் சொன்னால் நன்றாக இருந்த அட்டவணையைத் "திருத்தி"க் கெடுத்துவிடும். ஒரு கோப்போடு போகவிருந்த சேதம் ஒரு ஃபோல்டர் முழுக்கப் பரவும். டீஃப்ராக்மென்ட் வேண்டாம், படங்களை வேறு டிஸ்க்குக்கு மொத்தமாக மாற்றுவதும் வேண்டாம். எழுதுவது எல்லாமே இப்போதைக்கு ஆபத்து. படிப்பது மட்டும் பரவாயில்லை.

அறிகுறி: ஒரே கோப்பு ஒரு சமயம் சரி, ஒரு சமயம் தவறு

இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. ஜிப் அல்லது ஆர்ஏஆர் கோப்பை விரிக்கும்போது சிஆர்சி பிழை வருகிறது, மறுபடி முயன்றால் வரவில்லை, அல்லது வேறொரு கோப்பில் வருகிறது என்றால், டிஸ்க்கில் இருக்கும் தரவு நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம். படித்துக்கொண்டுவரும் வழியில்தான் ஏதோ நடக்கிறது.

உறுதிசெய்ய ஹேஷ், அதாவது கோப்பின் உள்ளே இருப்பதிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண், கணக்கிடுங்கள். 7-ஜிப் நிறுவியிருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்தால் எஸ்ஹெச்ஏ-256 என்ற ஹேஷ் கிடைக்கும். லினக்ஸில் அதற்கென்றே சிறு கட்டளை இருக்கிறது. ஒரே கோப்புக்கு ஐந்தாறு முறை கணக்கிட்டுப் பாருங்கள். ஆனால் சின்னக் கோப்பை வைத்துச் செய்தால் ஏமாந்துபோவீர்கள். முதல்முறை படித்ததை இயங்குதளம் ரேமிலேயே கேஷாக வைத்துக்கொள்ளும்; இரண்டாம் முறை டிஸ்க்குக்கே போகாமல் அதையே திரும்பப் படிக்கும். கெட்டிருந்தால் அதே கெட்ட விடைதான் ஐந்து முறையும் வரும். அதனால் ரேமின் அளவைவிடப் பெரிய கோப்பு வேண்டும். 16 ஜிபி ரேம் என்றால் 20 ஜிபி கோப்பு ஒன்று. ஒவ்வொரு முறையும் மொத்த ரேமையும் ஏறத்தாழ துடைத்தெடுத்துவிடும்.

ஏன் இப்படி விட்டுவிட்டு வருகிறது? ரேமை இயங்குதளம் 4096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரித்துப் பங்குபோடுகிறது. 16 ஜிபியில் அப்படி 41,94,304 பக்கங்கள். அவற்றில் ஒன்றே ஒன்று கெட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று அந்தப் பக்கம் பிரவுசருக்குப் போகலாம், நாளை உங்கள் ஜிப் கோப்புக்குப் போகலாம், நாளை மறுநாள் யாருக்குமே போகாமல் சும்மா கிடக்கலாம். போதாக்குறைக்கு, எப்போதும் 1 என்றே ஒட்டிக்கொண்டிருக்கும் பிட்டில் ஏற்கெனவே 1 எழுத வேண்டியிருந்தால் பிழையே தெரியாது. பாதித் தவறுகள் இப்படித் தற்செயலாகச் சரியாகிவிடும்.

விடைகளைப் படிக்கும் விதம் இது. ஹேஷ் ஒவ்வொரு முறையும் மாறினால் படிக்கும் பாதையில் கோளாறு. ரேமைச் சோதிக்கும் நிரலைப் பற்றிய மெம்டெஸ்ட் பகுதிக்கு நேராகப் போங்கள். ரீஸ்டார்ட் செய்யாதவரை ஒரே தவறான ஹேஷ் வந்து, ரீஸ்டார்ட் செய்ததும் சரியான ஹேஷ் வந்தால், கேஷில் இருந்த பிரதி கெட்டிருந்தது, டிஸ்க்கில் இருப்பது நல்லது, இதுவும் ரேம்தான். எத்தனை ரீஸ்டார்ட் செய்தாலும் ஒரே தவறான ஹேஷ் என்றால் கோப்பு எழுதப்பட்ட நேரத்திலேயே கெட்டுவிட்டது. அப்போது என்ன, எப்படிக் கெட்டது என்று உள்ளே பார்த்தாக வேண்டும்.

அறிகுறி: காப்பி செய்தது மூலத்தோடு ஒத்துப்போகவில்லை

மூலமும் காப்பியும் இரண்டுமே கையில் இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். விண்டோஸில் எஃப்சி கட்டளையைப் பைனரி முறையில் ஓட்டலாம், லினக்ஸில் சிஎம்பி இருக்கிறது. எனக்கு வந்த பட்டியலில் மூன்று வரியை இங்கே தருகிறேன். எல்லாம் ஹெக்ஸ் எண்கள், அதாவது பத்துக்குப் பதில் பதினாறை அடிப்படையாக வைத்து எழுதியவை. முதலில் கோப்பில் இடம், அடுத்து மூலத்தில் இருந்த பைட், கடைசியில் காப்பியில் இருந்த பைட்.

05123648 : 05 : 25
11870648 : 47 : 67
27406648 : 13 : 33

முதல்முறை பார்த்தபோது எனக்கு இதில் ஒன்றும் புரியவில்லை. பிறகு இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒவ்வொரு வரியிலும் வித்தியாசம் ஹெக்ஸில் 20, அதாவது 32. அது இரண்டின் அடுக்கு; ஒரே ஒரு பிட் மட்டும் 0-லிருந்து 1-க்கு மாறியிருக்கிறது, அதுவும் எப்போதும் அதே பிட். இரண்டாவது, இடத்தைக் குறிக்கும் எண்ணில் கடைசி மூன்று இலக்கம் எல்லாவற்றிலும் 648. ஹெக்ஸில் மூன்று இலக்கம் என்பது சரியாக 4096. அதாவது எந்தக் கோப்பாக இருந்தாலும், ஒரு பக்கத்துக்குள் அதே இடத்தில் அடி விழுகிறது. டிஸ்க்குக்கு இப்படி ஒரு பழக்கம் இருக்க வழியே இல்லை. ரேம் சிப்பில் குறிப்பிட்ட ஒரு செல் செத்துப்போனால் மட்டுமே இந்தக் கோலம் வரும்.

உங்கள் பட்டியல் இவ்வளவு அழகாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு செல்லுக்குப் பதில் ஒரு வரிசையே கெட்டிருந்தால் இடங்கள் பலவாக இருக்கும்; ஆனாலும் மாறும் பிட் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். நிரல்கள் தங்கள் சொந்த பஃபரில் தரவை வைத்து வேலை செய்திருந்தால் 648 போன்ற ஒற்றுமையும் தெரியாமல் போகலாம். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: சிதறலாக, ஒற்றைப் பைட்டில், ஒற்றைப் பிட் மாறியிருக்கிறதா?

மாறாக 512 பைட்டோ 4096 பைட்டோ மொத்தமாகப் பூஜ்ஜியமாகியிருந்தால், அல்லது அங்கே வேறொரு கோப்பின் துண்டு உட்கார்ந்திருந்தால், அது டிஸ்க், அதன் கன்ட்ரோலர், அல்லது கோப்பு முறைமையின் கைவேலை. கோப்பின் அளவே மாறியிருந்தால் ரேமை விட்டுவிடுங்கள். பாதியில் நின்ற பதிவிறக்கமாக இருக்கும். பைனரி கோப்பை டெக்ஸ்ட் முறையில் அனுப்பிய பழைய எஃப்டிபி வேலையாகவும் இருக்கும்.

இரண்டின் அடுக்கு என்றதும் ஒரு கதை நினைவுக்கு வருகிறது. 2003-இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக்கில் மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்குக் கிடைக்க வாய்ப்பே இல்லாத அளவு வாக்குகள் விழுந்திருந்தன. மறுபடி எண்ணினால் சரியாக 4096 வாக்கு அதிகம். ஆராய்ந்தவர்கள் மென்பொருளில் தவறு கண்டுபிடிக்கவில்லை. நினைவகத்தில் ஒரு பிட் தானாகப் புரண்டிருக்கலாம் என்றே முடிவுக்கு வந்தார்கள். 4096 என்பது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. உங்கள் எக்செல் கணக்கில் ஒரு தொகை 1024 அல்லது 65,536 கூடுதலாக இருந்தால் கணக்கரைத் திட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்.

அறிகுறி: படத்தின் மேல்பாதி சரி, கீழே நிறம் மாறிவிட்டது

ஒரு பிட் மாறியதற்கு இவ்வளவு பெரிய சேதமா என்று தோன்றும். கோப்பு எந்த வகை என்பதைப் பொறுத்தது அது.

ஜேபெக் படத்தில் ஒவ்வொரு சதுரத்தின் சராசரி நிறமும் முந்தைய சதுரத்திலிருந்து எவ்வளவு மாறுகிறது என்று மட்டுமே எழுதப்பட்டிருக்கும். அதுவும் நீளம் மாறும் குறியீடுகளால் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும். நடுவில் ஒரு பிட் புரண்டால் அடுத்த குறியீடு எங்கே தொடங்குகிறது என்பதே குழம்பிவிடும். அங்கிருந்து கீழே முழுக்க நிறம் சாய்ந்து, படம் பக்கவாட்டில் நகர்ந்து நிற்கும். அதே அடி பிஎம்பி படத்தில் விழுந்தால் ஒரு புள்ளி லேசாக நிறம் மாறும், யாருக்கும் தெரியாது. எம்பி3-யில் ஒரு ஃப்ரேம், சுமார் 26 மில்லி விநாடி, கொறகொறக்கும். ஜிப்பில் கடைசியில் சிஆர்சி பொருந்தாது. அதனால்தான் ரேம் கெட்டதை முதலில் காட்டிக்கொடுப்பவை எப்போதும் சுருக்கப்பட்ட கோப்புகளாகவே இருக்கின்றன. மற்றவை கெடவில்லை என்று அர்த்தமில்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் மோசமானது சாதாரண எழுத்துக் கோப்பு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். 'க' என்ற எழுத்துக்கும் 'வ' என்ற எழுத்துக்கும் முதல் இரண்டு பைட் ஒன்றேதான். மூன்றாவது மட்டும் 149, 181. வித்தியாசம் 32. ஆக, என் ரேமில் செத்த அதே பிட், 'கலை' என்று எழுதியதை 'வலை' என்று மாற்றிவிடும். இரண்டுமே நல்ல சொல். எழுத்துப்பிழை திருத்தி கண்டுகொள்ளாது. நீங்களே தவறாகத் தட்டினீர்கள் என்று நினைத்துத் திருத்திவிட்டுப் போய்விடுவீர்கள். 64 மதிப்புள்ள பிட் புரண்டிருந்தால் பரவாயில்லை, அந்த இடத்தில் எழுத்துக்குப் பதில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி வந்து நிற்கும். குறைந்தபட்சம் கண்ணில் படும்.

அறிகுறி: நீலத்திரை, நிறுவல் தோல்வி, பாதியில் நிற்கும் நிரல்கள்

கோப்பு கெடுவதோடு இவையும் சேர்ந்து வந்தால் சந்தேகம் இரட்டிப்பாகிறது. நீலத்திரையில் வரும் குறியீடு ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கிறதா என்று பாருங்கள். டிரைவர் கோளாறு என்றால் அதே குறியீடு, அதே டிரைவர் பெயர் திரும்பத் திரும்ப வரும். ரேம் கோளாறுக்கு அந்த ஒழுக்கம் கிடையாது. பெரிய நிரல் தொகுப்பைக் கம்பைல் செய்பவர்களுக்கு இது பழைய கதை: ஒவ்வொரு முறையும் வேறு கோப்பில் கம்பைலர் விழுந்தால் நிரலில் தவறு தேடாதே, ரேமைப் பார் என்பார்கள்.

இத்தனை நாள் நன்றாக ஓடியதே என்ற வாதம் இங்கே எடுபடாது. 2022 அக்டோபரில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் சொந்தக் கணினியில், இரண்டரை ஆண்டு பிசகில்லாமல் ஓடிய ரேம் திடீரென்று கெட்டது, லினக்ஸ் 6.1-க்கான மாற்றங்களைச் சேர்க்கும் வேலையே தாமதமானது. அவரும் முதலில் மென்பொருள் மீதுதான் சந்தேகப்பட்டார். கூகுளின் சர்வர்களை வைத்து 2009-இல் வெளியான ஆய்வில், ஓராண்டில் நூற்றுக்கு எட்டுக்கும் மேற்பட்ட ரேம் ஸ்டிக்குகளில் பிழை பதிவானது. அபூர்வமான வியாதி இல்லை இது.

அறிகுறி: பளு ஏறும்போது மட்டும், சூடானால் மட்டும்

காலையில் சோதித்தால் எல்லாம் சரி, இரண்டு மணி நேரம் வீடியோ எடிட் செய்தபின் கோப்பு கெடுகிறது. ரேமில் இருக்கும் டிராம் செல் என்பது மிகச்சிறிய ஒரு மின்தேக்கி. அதில் உள்ள மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். வழக்கமாக 64 மில்லி விநாடிக்கு ஒருமுறை எல்லா செல்லையும் மறுபடி நிரப்பியாக வேண்டும். சூடு ஏறினால் கசிவும் ஏறும். தரம் குறைந்த செல் அடுத்த நிரப்பலுக்கு முன்பே காலியாகிவிடும். ஆகவே குளிர்ந்த கணினியில் பத்து நிமிடம் சோதித்துவிட்டு "ரேம் ஓகே" என்று சொல்வதில் பொருளில்லை.

இந்த அறிகுறிக்கு ஸ்டிக்கைக் குறைசொல்வதற்கு முன் பயாஸை (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) திறந்து, ரேமை இயல்பைவிட வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ ப்ரொஃபைல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் அந்த ப்ரொஃபைலின் வேகம். அது ஓவர்க்ளாக் கணக்கில்தான் சேரும். டிடிஆர்4-இன் இயல்பான மின்னழுத்தம் 1.2 வோல்ட், எக்ஸ்எம்பி போட்டால் பல ஸ்டிக்குகள் 1.35 வோல்ட் கேட்கும். ப்ராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் எல்லாமே அந்த வேகத்தைத் தாங்கும் என்ற உத்தரவாதம் இல்லை. நான்கு ஸ்லாட்டிலும் ஸ்டிக் போட்டிருந்தால் இன்னும் சிரமம். ப்ரொஃபைலை எடுத்துவிட்டு இயல்பு வேகத்தில் சோதியுங்கள். பிழை நின்றுவிட்டால் ஸ்டிக் நல்லது, ஆசைதான் அதிகம். ஒரு படி குறைந்த வேகத்தில் வைத்து ஓட்டிக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் பெரிதாக இருக்காது.

மெம்டெஸ்ட் ஓட்டுவது

விண்டோஸுக்குள் ஓடிக்கொண்டே ரேமைச் சோதிக்கும் நிரல்கள், இயங்குதளம் பிடித்துவைத்திருக்கும் பகுதியைத் தொட முடியாது. அதனால் யூஎஸ்பி டிரைவிலிருந்து தனியே பூட் ஆகும் மெம்டெஸ்ட்86+ அல்லது பாஸ்மார்க்கின் மெம்டெஸ்ட்86 வேண்டும். இரண்டுமே இலவசமாகக் கிடைக்கும். யூஎஸ்பியை வேறு கணினியில் தயாரியுங்கள். சந்தேகத்துக்குரிய கணினியிலேயே தயாரித்தால் சோதனைக் கருவியே கெட்டுப் பிறக்கலாம். பயாஸில் உள்ள செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு தடுத்தால் அதைத் தற்காலிகமாக அணைக்க வேண்டியிருக்கும். அதற்குமுன், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் ரிகவரி கீயைக் காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பூட்டில் அதைக் கேட்கக்கூடும்.

அவசரத்துக்கு விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக் போதும். ஓடத் தொடங்கியதும் எஃப்1 அழுத்தி விரிவான சோதனையைத் தேர்ந்தெடுங்கள். அது பிழை காட்டினால் நம்புங்கள். பிழை இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். மெம்டெஸ்ட் அளவுக்கு அது தோண்டாது.

குறைந்தது நான்கு சுற்று, முடிந்தால் ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். என் கணினியில் முதல் சுற்று சுத்தமாக முடிந்தது. நல்லவேளை, அணைக்க மறந்து தூங்கிப்போனேன். காலையில் திரை சிவப்பாக இருந்தது. முகவரியின் கடைசி மூன்று இலக்கம் 648. எதிர்பார்த்தது 00000000, கிடைத்தது 00000020. நிரல்கள் பார்க்கும் மெய்நிகர் முகவரிக்கும் உண்மையான ரேம் முகவரிக்கும் பக்கத்துக்குள் உள்ள இடம் மாறாது என்பதால், கோப்பில் பார்த்த 648-ம் இங்கே வந்த 648-ம் ஒரே ஆள்தான்.

எத்தனை பிழை வரை பரவாயில்லை என்று கேட்பார்கள். பூஜ்ஜியம். ஒன்று வந்தாலும் அந்த அமைப்பில் அந்த ரேம் தோல்வி. ஒரே விதிவிலக்கு: பாஸ்மார்க் பதிப்பில் கடைசியாக வரும் ஹேமர் சோதனையில் மட்டும் பிழை வந்து மற்ற எல்லாம் சுத்தமாக இருந்தால், அது அன்றாடம் கோப்பைக் கெடுக்கும் வகையைச் சேராது. பக்கத்து வரிசையை வேண்டுமென்றே ஓயாமல் தட்டினால் மட்டும் வரும் பலவீனம் அது.

எந்த ஸ்டிக், எந்த ஸ்லாட்

மின்சாரத்தை முழுக்கத் துண்டித்து, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திவிட்டு, எல்லா ஸ்டிக்கையும் கழற்றி மறுபடி அழுத்தமாக மாட்டுங்கள். இரண்டு பக்கமும் கிளிப் பிடிக்கும் சத்தம் கேட்க வேண்டும். தங்க நிறத் தொடுமுனைகளில் கறை இருந்தால் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். ரப்பரால் தேய்ப்பவர்கள் உண்டு; பூச்சு தேயும், துகள் ஸ்லாட்டில் விழும், எனக்கு அதில் உடன்பாடில்லை. மறுபடி மாட்டியதிலேயே பிழை மறைந்தால் தொடர்புதான் சரியில்லாமல் இருந்திருக்கிறது. ஆனாலும் ஒரு ராத்திரி சோதிக்காமல் விடாதீர்கள்.

பிழை தொடர்ந்தால் ஒரே ஒரு ஸ்டிக்கை மட்டும் ஒரு ஸ்லாட்டில் மாட்டிச் சோதியுங்கள். எந்த ஸ்லாட் என்று மதர்போர்டு கையேடு சொல்லும். நான்கு ஸ்லாட் பலகைகளில் பெரும்பாலும் ப்ராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது. அதே ஸ்லாட்டில் அடுத்த ஸ்டிக். பிழை ஸ்டிக்கோடு நகர்ந்தால் ஸ்டிக் கெட்டது. எந்த ஸ்டிக்கை மாட்டினாலும் அதே ஸ்லாட்டில் பிழை என்றால் ஸ்லாட்டோ மெமரி கன்ட்ரோலரோ. ஒவ்வொன்றும் தனியே சுத்தம், சேர்ந்தால் மட்டும் பிழை என்றால் ஒத்துப்போகாத ஜோடி. வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். ஸ்டிக்குகளில் பென்சிலால் ஒன்று, இரண்டு என்று குறித்துக்கொள்ளுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் மூன்றாவது முறை மாற்றும்போது எது எது என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கியவன் நான்.

ரேம் பலகையிலேயே சால்டர் செய்யப்பட்ட லேப்டாப் என்றால் கழற்ற வழியில்லை. கெட்ட முகவரியை மட்டும் ஒதுக்கிவைக்க லினக்ஸைத் தொடங்கிவைக்கும் க்ரப்பிலும் விண்டோஸின் பூட் அமைப்பிலும் வசதி இருக்கிறது. கெட்டது ஒரே இடமாக இருந்தால் வேலை செய்யும். ஆனால் கெடத் தொடங்கிய சிப் அதோடு நிற்கும் என்று யாரும் எழுதித்தர மாட்டார்கள். முக்கியமான வேலைக்கு அந்த லேப்டாப்பை நம்ப வேண்டாம்.

மெம்டெஸ்ட் சுத்தம், ஆனாலும் கோப்பு கெடுகிறது

இப்போது ரேமை விட்டு வெளியே பாருங்கள். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 ஆகிய வரிகள் டிஸ்க்கின் உடல்நிலை. 199 கேபிளின் உடல்நிலை. அது ஏறிக்கொண்டே போனால் சாட்டா கேபிளை மாற்றுங்கள். பென்டிரைவில் மட்டும் கெடுகிறது, அதுவும் பாதி நிரம்பியபின் எழுதியவை மட்டும் கெடுகின்றன என்றால் அது போலிக் கொள்ளளவு காட்டும் டிரைவ். முழுக்க எழுதித் திரும்பப் படித்துச் சோதித்தால் வெளுத்துவிடும். யூஎஸ்பி ஹப் வழியே போகும்போது மட்டும் என்றால் ஹப்பைக் கழற்றுங்கள்.

ப்ராசசரும் செய்யும். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்களில் சில, மிகையான மின்னழுத்தத்தால் நிலைகுலைவதாக 2024-இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு பயாஸ் வழியே திருத்தம் வெளியிட்டது. அதில் பலர் பார்த்த முதல் அறிகுறி, விளையாட்டுகளை நிறுவும்போது சுருக்கிய கோப்பு விரிய மறுப்பது. ரேம் கெட்டதற்கும் இதற்கும் வெளியிலிருந்து வித்தியாசமே தெரியாது. பளுவேற்றிச் சோதிக்கும் நிரலான பிரைம்95-ஐச் சின்ன கணக்கு முறையில் ஓட்டினால் பெரும்பாலும் ப்ராசசரின் கேஷுக்குள்ளேயே ஓடும். அதில் பிழை வந்தால் ப்ராசசர் பக்கம், ரேமையும் சேர்த்துச் சோதிக்கும் ப்ளெண்ட் முறையில் மட்டும் வந்தால் ரேம் பக்கம். 7-ஜிப்பின் உள்ளே இருக்கும் பெஞ்ச்மார்க்கும் சுருக்கி, விரித்து, சரிபார்த்துக்கொண்டே ஓடுவதால் நல்ல சோதனை. பவர் சப்ளை பலவீனமாக இருந்தாலும் இதே கூத்துதான் நடக்கும், அதற்கு மாற்றிப் பார்ப்பதைத் தவிர எளிய வழி இல்லை.

ஸ்டிக்கை மாற்றிய பிறகு

ஜோடியாக வாங்கியிருந்தால் ஜோடியாகவே மாற்றுங்கள். புதியதையும் ஒரு ராத்திரி மெம்டெஸ்டில் விடுங்கள். புதிது என்பது சுத்தம் என்பதற்குச் சான்றல்ல. ப்ராசசரும் மதர்போர்டும் ஏற்கும் என்றால் பிழையைத் தானே திருத்தும் இசிசி ரேம் வாங்குவதையே நான் சொல்வேன். 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாக வைத்துக்கொண்டு, ஒரு பிட் புரண்டால் தானே திருத்தும், இரண்டு புரண்டால் கூச்சல் போடும். டிடிஆர்5 சிப்புக்குள்ளேயே இசிசி இருக்கிறதே என்று விற்பவர் சொல்லலாம். அது சிப்புக்குள் மட்டும். சிப்பிலிருந்து ப்ராசசர் வரை வரும் பாதைக்கு அது காவல் இல்லை.

இனி செக்டிஸ்க் ஓட்டலாம், விண்டோஸின் கணினிக் கோப்புகளைச் சரிபார்க்கலாம். உங்கள் சொந்தக் கோப்புகளுக்கு, முதல் அறிகுறி தெரிந்த நாளுக்குச் சில மாதம் முன்பிருந்து எழுதப்பட்டவை அனைத்தும் சந்தேகத்துக்குரியவை. ஒரே டிஸ்க்குக்குள் ஃபோல்டர் மாற்றியவை தப்பியிருக்கும்; அங்கே தரவு நகர்வதில்லை, பெயர்ப் பதிவு மட்டும் மாறுகிறது. வேறு டிஸ்க்குக்குக் காப்பி செய்தவை, எடிட் செய்து சேமித்தவை இரண்டையும் பாருங்கள். ஜிப் கோப்புகள், ஃப்ளாக் இசைக் கோப்புகள், நிரல்களைச் சேமிக்கும் கிட் களஞ்சியங்கள் தங்களைத் தாங்களே சோதித்துக்கொள்ளும். மற்றவற்றுக்குப் பழைய பேக்கப்போடு ஒப்பிடுவதுதான் வழி.

எனக்கு 40 எம்பி ஜிப் ஒன்றுக்கு மட்டும் நல்ல பிரதி எங்குமே இல்லை. ஆனால் எந்தப் பிட், பக்கத்துக்குள் எந்த இடம் என்பது இரண்டும் கையில் இருந்தது. 40 எம்பியில் 4096 பைட்டுக்கு ஒன்றாகப் பத்தாயிரம் சொச்சம் இடங்கள். அவற்றில் அந்தப் பிட் 1 ஆக இருப்பது ஏறத்தாழ பாதி. ஒவ்வொரு இடமாக அந்த ஒரு பிட்டை 0 ஆக்கி, ஜிப்பின் சிஆர்சி பொருந்துகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போகும் சின்ன நிரல் ஒன்றை எழுதி, கோப்பின் பிரதி ஒன்றின் மேல் ஓடவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து ஓரிடத்தில் பொருந்தியது. உள்ளே இருந்தவை அத்தனையும் விரிந்தன.